பீரோ மேல கிடக்கும் குட்டி லேப்டாப்பில் லினக்ஸ் போடுவது எப்படி?

உங்க வீட்டு பீரோ மேல, சுருட்டி வெச்ச பழைய காலண்டருக்கும் யாரோட கல்யாண பேனருக்கும் நடுவுல ஒரு குட்டி லேப்டாப் தூசி படிஞ்சு கிடக்கா? பத்து இன்ச் திரை, சின்ன கீபோர்டு, ஆன் பண்ணிட்டு ஒரு டீ குடிச்சிட்டு வந்தாலும் இன்னும் சுத்திக்கிட்டே இருக்குமே, அதேதான். பழைய இரும்புக்காரர்கிட்ட போடறதுக்கு முன்னாடி இந்தக் கட்டுரையை ஒரு தடவை படிச்சிடுங்க.

என்னோடது மாமா சிங்கப்பூர்ல வேலை பார்த்தப்போ 2010-ல வாங்கிட்டு வந்தது. ஒரு ஜிபி ரேம், 160 ஜிபி ஹார்ட் டிஸ்க், இன்டெல் ஆட்டம் சிப். ஜெயங்கொண்டத்துல எங்க தெருவுக்கே அது அப்போ அதிசயம்னு அம்மா சொல்வாங்க. நான் காலேஜ்ல முதலாமாண்டு சேர்ந்தப்போ அதை ஆன் பண்ணவே யாரும் தயாரா இல்லை. ஆனா முதல் செமஸ்டர்லயே சி ப்ரோக்ராமிங் வந்துடுச்சு. வீட்டுல வேற கம்ப்யூட்டர் கிடையாது. மொபைல்ல ஒரு கம்பைலர் ஆப் போட்டுப் பழகினேன். ஒரு கர்லி ப்ராக்கெட் அடிக்க கீபோர்டை ரெண்டு தடவை மாத்தணும், திரையில் பாதியைக் கீபோர்டே பிடிச்சுக்கும். முதல் இன்டர்னல்ல அம்பதுக்கு 19. சிலபஸ் புரியாம வாங்கின மார்க் இல்லை அது. கை பழகாம வாங்கின மார்க். அதுக்கப்புறம்தான் பீரோ மேல கையை விட்டேன்.

இந்தக் குட்டி லேப்டாப்புக்கு நெட்புக்னு பேர். 2007 கடைசியில ஆசுஸ் கம்பெனி இ-பிசி 701-னு ஒண்ணு விட்டாங்க. ஏழு இன்ச் திரை, 512 எம்பி ரேம், வெறும் 4 ஜிபி சேமிப்பு, ஒரு கிலோவுக்கும் குறைவான எடை. அதுல முதல்ல இருந்ததே லினக்ஸ்தான். அதாவது, நாம இப்போ செய்யப் போறது பழைய பொருளில் புதுசா எதையோ திணிக்கிற வேலை இல்லை. நெட்புக் பிறந்த வீட்டுக்கே அதைத் திருப்பி அனுப்பறோம். அப்புறம் 2008-ல இன்டெல் ஆட்டம் சிப் வந்துச்சு, எல்லாக் கம்பெனியும் நெட்புக் போட்டாங்க, விண்டோஸ் எக்ஸ்பியும் விண்டோஸ் 7 ஸ்டார்டரும் அதுல ஏறிக்கிச்சு. ஸ்டார்டர் பதிப்புல வால்பேப்பரைக்கூட மாத்த முடியாதுங்கறது மாமாவோட நிரந்தரப் புலம்பல்.

இன்னொரு விஷயமும் சொல்லியாகணும். லினக்ஸ் நம்ம ஊருக்கு எப்பவோ வந்துடுச்சு. 2011 செப்டம்பர் 15-ல தமிழ்நாடு அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கினப்போ, எல்காட் மூலமா கொடுத்த அந்த லேப்டாப்கள்ல விண்டோஸோட சேர்த்து பாஸ் லினக்ஸும் இருந்துச்சு. பாஸ்னா பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ். சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடிப்படையா வெச்சு உருவாக்கினது. பெரியம்மா பொண்ணு ப்ளஸ் டூ முடிச்சப்போ வாங்கின லேப்டாப்பை ஆன் பண்ணினா ஒரு கறுப்புத் திரையில ரெண்டு வரி வரும். எது எதுன்னு யாரும் கேட்டதில்லை. அக்கா கண்ணை மூடிக்கிட்டு கீழ் அம்புக்குறியை அழுத்தி விண்டோஸுக்குள்ள போயிடுவாங்க. ஆண்டிமடம், மீன்சுருட்டி, உடையார்பாளையம்னு நம்ம பக்கத்துப் பள்ளிகள்ல படிச்ச எத்தனையோ வீட்டுல அந்த ரெண்டு வரி தினமும் வந்து போயிருக்கும்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

முதல்ல சிப் என்னன்னு பாருங்க

நேரா டவுன்லோடுல இறங்காதீங்க. நெட்புக்ல லினக்ஸ் போட்டுத் தோத்துப்போனவங்கள்ல பாதிப் பேர் தப்பான பதிப்பை இறக்கினவங்கதான். லேப்டாப்பைத் திருப்பினா கீழே ஸ்டிக்கர்ல மாடல் நம்பர் இருக்கும். ஸ்டிக்கர் கிழிஞ்சிருந்தா, விண்டோஸ் இன்னும் ஓடுதுன்னா, மை கம்ப்யூட்டர் மேல ரைட் க்ளிக் பண்ணி ப்ராப்பர்ட்டீஸ் பாருங்க.

ஆட்டம் என்270, என்280-ன்னு இருந்தா அது 32-பிட் மட்டும்தான். என்450, என்455, என்550, என்570-ன்னு இருந்தா 64-பிட்டும் ஓடும். என்2600, என்2800-ன்னு இருந்தா கொஞ்சம் கவனம். இதுல இருக்கிற கிராஃபிக்ஸ் பகுதி இன்டெல்லோட சொந்த வடிவமைப்பு இல்லை, பவர்விஆர்னு வேற ஒரு குடும்பம். அதுக்கு லினக்ஸ்ல சரியான டிரைவர் கடைசி வரைக்கும் வரலை. திரை தெரியும், டைப் பண்ணலாம், கோடு எழுதலாம். வீடியோ மட்டும் பார்க்க ஆசைப்படாதீங்க.

இதுக்கெல்லாம் பிறகு வந்த ஒரு வகை இருக்கு. திரையைக் கழட்டினா டேப்லெட், மாட்டினா லேப்டாப், 2 ஜிபி ரேம், 32 ஜிபி சேமிப்பு, சிப் இசட்3735எஃப். இது ஒரு விசித்திரப் பிறவி. சிப் 64-பிட், ஆனா ஆன் பண்ணினதும் எழுந்திருக்கிற யுஈஎஃப்ஐ 32-பிட். நிறைய லினக்ஸ் பதிப்பு பென்டிரைவ்ல இருந்தே கிளம்பாது. நண்பர்கள் "மெஷினே செத்துப்போச்சு"ன்னு முடிவு பண்றது இதைத்தான். டெபியன் இந்தக் கலப்பு வகையை ஏத்துக்கும். அதனால இந்த மாடலுக்கு வேற எதையும் தேடாம டெபியன் பக்கம் போயிடுங்க.

எந்த லினக்ஸ்?

லினக்ஸ்ங்கறது ஒரே பொருள் இல்லைன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அடியில ஒரே கெர்னல், மேல ஆளாளுக்கு ஒரு பேக்கேஜ். அதைத்தான் டிஸ்ட்ரோன்னு சொல்றோம். யூடியூப்ல பார்க்கிற பளபளப்பான டெஸ்க்டாப் எல்லாம் 8 ஜிபி ரேம் ஆட்களுக்கு. நம்ம கணக்கு வேற. டெஸ்க்டாப் எவ்வளவு ரேமை உட்கார்ந்த இடத்துல சாப்பிடுதுங்கறதுதான் ஒரே கேள்வி. ஏன்னா, பிரவுசரைத் திறந்தா மிச்சம் எல்லாத்தையும் அது சாப்பிட்டுடும்.

ஒரு ஜிபி ரேம்னா என் ஓட்டு ஆன்டிஎக்ஸுக்கு. டெபியனை அடிப்படையா வெச்சது, 512 எம்பி இருந்தாலே சமாளிக்கும். ஆன்டிஎக்ஸ் 23 டெபியன் 12 மேல கட்டினது, அதுக்கு 32-பிட் பதிப்பும் இருக்கு. பார்க்க அழகா இருக்காது. முதல் நாள் திரையைப் பார்த்துட்டு தம்பி, "என்னண்ணா, ரேஷன் கடை கம்ப்யூட்டர் மாதிரி இருக்கு"ன்னான். ஆனா மெனுவைத் தொட்டவுடனே திறந்துச்சு. அந்த மெஷின்ல எதுவும் தொட்டவுடனே திறந்து நான் பார்த்ததில்லை.

ரெண்டு ஜிபி இருந்து, சிப்பும் 64-பிட்னா டெபியனோட எல்எக்ஸ்க்யூடி டெஸ்க்டாப்பை எடுத்துக்கங்க. இன்ஸ்டால் பண்ணும்போதே எந்த டெஸ்க்டாப் வேணும்னு கேட்கும், அங்கே இதை மட்டும் டிக் பண்ணணும். எல்லாத்தையும் டிக் பண்ணிட்டு அப்புறம் ஸ்லோவா இருக்குன்னு வராதீங்க. லுபுன்டுவும் இதே டெஸ்க்டாப்தான், ஆரம்பிக்கறவங்களுக்கு இன்னும் சுலபம். ஆனா அதுல ஃபயர்பாக்ஸ் ஸ்னாப் வடிவத்துல வருது. பழைய ஹார்ட் டிஸ்க்ல அது முதல் தடவை திறக்கிற நேரத்தைப் பார்த்தா பொறுமை போயிடும்.

32-பிட் ஆட்களுக்கு ஒரு எச்சரிக்கை. உங்க கடை மெதுவா மூடிக்கிட்டு வருது. லுபுன்டு 18.04-ஓட 32-பிட்டை நிறுத்திட்டாங்க. குரோம் 2016-லேயே 32-பிட் லினக்ஸை விட்டுடுச்சு. 2025 ஆகஸ்ட்ல வந்த டெபியன் 13-ல 32-பிட் இன்ஸ்டாலரே கிடையாது. அதனால என்270 வெச்சிருக்கிறவங்க டெபியன் 12 அல்லது அதை நம்பின ஆன்டிஎக்ஸ் 23, இதுல ஒண்ணைத்தான் பார்க்கணும். "அப்புறம் பார்த்துக்கலாம்"னு விடறதுக்கு இதுல நேரம் கம்மி.

பென்டிரைவ் தயார் பண்ண மொபைலே போதும்

எல்லாக் கட்டுரையிலயும் "வேறொரு கம்ப்யூட்டர்ல ரூஃபஸ் சாஃப்ட்வேரைத் திறக்கவும்"னு எழுதியிருப்பாங்க. வேறொரு கம்ப்யூட்டர் இருந்தா நாம ஏன் பீரோ மேல கையை விடறோம்? ஆண்ட்ராய்டு மொபைல்ல எட்ச்ட்ராய்டுன்னு ஒரு இலவச ஆப் இருக்கு. மொபைலை ரூட் எல்லாம் பண்ண வேண்டாம். ஓடிஜி கேபிள் ஒண்ணு, 8 ஜிபி பென்டிரைவ் ஒண்ணு. டிஸ்ட்ரோவோட சொந்தத் தளத்துல இருந்து ஐஎஸ்ஓ ஃபைலை மொபைல்ல இறக்கி, ஆப்ல அதைத் தேர்ந்தெடுத்து எழுதச் சொன்னா முடிஞ்சுது. பென்டிரைவ்ல ஏற்கனவே இருந்த பாட்டு, படம், செமினார் பிபிடி எல்லாம் அழிஞ்சிடும், ஞாபகம் வெச்சுக்கங்க. எழுதறப்போ மொபைல்ல சார்ஜ் பாதிக்கு மேல இருக்கட்டும்.

அப்புறம் நெட்புக்ல பென்டிரைவைச் சொருகி, ஆன் பண்ணினதும் எஃப்2, எஃப்12, எஸ்கேப் இந்த மூணுல ஏதோ ஒண்ணை விடாம தட்டுங்க. கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பூட் மெனு வந்தா பென்டிரைவைத் தேர்ந்தெடுங்க.

ஆன்டிஎக்ஸ், லுபுன்டு மாதிரி டிஸ்ட்ரோவெல்லாம் இப்போ ஹார்ட் டிஸ்க்கைத் தொடாம பென்டிரைவ்ல இருந்தே ஓடும். லைவ் மோட்னு பேர். டெபியனுக்கும் லைவ் ஐஎஸ்ஓ தனியா இருக்கு. அவசரப்பட்டு இன்ஸ்டால் பட்டனை அழுத்தாதீங்க. வைஃபை பிடிக்குதா, சத்தம் வருதா, டச்பேட் வேலை செய்யுதா, மூடித் திறந்தா எழுந்திருக்குதான்னு ஒரு சாயங்காலம் முழுக்கப் பாருங்க. பிடிக்கலைன்னா பென்டிரைவைப் பிடுங்கிட்டா பழையபடி ஆயிடும்.

நான் பண்ணின தப்பு

இந்தப் பகுதியை எழுதலாமா வேண்டாமான்னு யோசிச்சேன். எழுதிடறேன்.

லைவ் மோட்ல எல்லாம் நல்லா ஓடிச்சு. சந்தோஷத்துல ராத்திரி பதினொரு மணிக்கு இன்ஸ்டாலைத் தட்டினேன். முழு டிஸ்க்கையும் பயன்படுத்தவான்னு கேட்டுச்சு. ஆமான்னேன். உறுதியான்னு மறுபடி கேட்டுச்சு. அதுக்கும் ஆமான்னேன். இருபத்தஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுது. காலையில அம்மா பெருமையா மாமாவுக்கு போன் பண்ணி, "உன் லேப்டாப்பை உயிரோட எழுப்பிட்டான்"னு சொன்னாங்க. மாமா கேட்ட முதல் கேள்வி: "அதுல அப்பாவோட அறுபதாம் கல்யாண போட்டோ இருந்துச்சே, எடுத்து வெச்சிட்டானா?"

தாத்தா இறந்து நாலு வருஷம் ஆச்சு. திருக்கடையூர்ல எடுத்த அந்த போட்டோக்கள் வேற எங்கயும் இல்லை. ஆல்பம் போடறேன்னு சொல்லி யாரும் போடலை. அம்மா ஒண்ணும் சொல்லலை. அதுதான் கஷ்டமா இருந்துச்சு.

இந்த மாதிரி ஆயிட்டா என்ன செய்யணும்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. முதல் விதி, அந்த மெஷினை உடனே ஆஃப் பண்ணணும். ஃபைலை அழிச்சாலும் டிஸ்க்ல இருக்கிற எழுத்து உடனே போறதில்லை. இது எந்த இடத்துல இருக்குங்கற அட்டவணைதான் போகுது. புதுசா அந்த இடத்துல ஏதாவது எழுதினாத்தான் பழசு நிஜமா அழியும். நீங்க ஓட்டிக்கிட்டே இருந்தா சிஸ்டம் ஏதாவது எழுதிக்கிட்டே இருக்கும். ஆன்டிஎக்ஸ் எழுதினது சில ஜிபிதான், டிஸ்க் 160 ஜிபி. அதனால நம்பிக்கை இருந்துச்சு.

மறுபடி பென்டிரைவ்ல இருந்து லைவ் மோட்ல கிளம்பி, ஃபோட்டோரெக்னு ஒரு கருவியை ஓட்டினேன். டெஸ்ட்டிஸ்க்னு ஒரு பேக்கேஜோட சேர்ந்து வரும், இலவசம். அது அட்டவணையைப் பார்க்கறதே இல்லை. டிஸ்க்கை ஒரு முனையில இருந்து மறு முனை வரை படிச்சு, ஒரு போட்டோ ஃபைல் எப்படி ஆரம்பிக்கும்ங்கற அடையாளத்தை வெச்சு ஒவ்வொண்ணா பொறுக்கி எடுக்கும். பொறுக்கினதை அதே டிஸ்க்ல போடக்கூடாது. நண்பன்கிட்ட எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் கடன் வாங்கி அதுல எழுத விட்டேன். ராத்திரி முழுக்க ஓடிச்சு. ஃபைலோட பேர் எதுவும் திரும்பி வராது, எஃப் எழுத்தும் பின்னால ஒரு நீளமான நம்பருமா ஆயிரக்கணக்குல வந்து விழுந்துச்சு. விண்டோஸ் ஐகான், பிரவுசர் பேனர் குப்பை எல்லாம் கலந்து. அதுக்குள்ள உட்கார்ந்து தேடித் தேடி 61 போட்டோ எடுத்தேன். மாமா ஞாபகத்துல இருநூறுக்கு மேல இருந்துச்சாம். மாலை மாத்தற போட்டோ கிடைச்சுது. தாத்தா தனியா நிக்கற ஒரு போட்டோ பாதிக்கு மேல சாம்பல் நிறமா கிடைச்சுது.

அதனால, தயவுசெஞ்சு, இன்ஸ்டால் பட்டனுக்கு முன்னாடி வீட்டுல ஒவ்வொருத்தர்கிட்டயும் போய் "இதுல உங்களுது ஏதாவது இருக்கா?"ன்னு கேளுங்க. லைவ் மோட்ல கிளம்பினாலே பழைய டிஸ்க்கைத் திறந்து பார்க்கலாம், எல்லாத்தையும் இன்னொரு டிஸ்க்குக்கு காப்பி பண்ணலாம். ஒரு மணி நேர வேலை.

போட்டதுக்கு அப்புறம் வரும் தலைவலிகள்

என் நெட்புக்ல முதல் நாளே ஒரு சைட்டும் திறக்கலை. வைஃபை கனெக்ட் ஆயிருக்கு, ஆனா எதைத் திறந்தாலும் "பாதுகாப்பில்லை"ன்னு எச்சரிக்கை. சாஃப்ட்வேர் இறக்கலாம்னா அதுவும் முடியாதுன்னுச்சு. ரெண்டு நாள் வைஃபையைத் திட்டினேன். மூணாவது நாள் திரையோட ஓரத்துல தேதியைப் பார்த்தேன், 2010 ஜனவரி 1. மதர்போர்டுல இருக்கிற பொத்தான் பேட்டரி செத்துப்போனா கடிகாரம் ஒவ்வொரு தடவையும் பிறந்த நாளுக்கே திரும்பிடும். வெப்சைட்டோட பாதுகாப்புச் சான்றிதழுக்கு ஆரம்பத் தேதி, முடிவுத் தேதி உண்டு. உங்க கடிகாரம் 2010-ன்னு சொன்னா, "இன்னும் செல்லுபடியாகவே ஆரம்பிக்கலை"ன்னு பிரவுசர் கதவைச் சாத்திடும். தேதியைக் கையால சரி பண்ணினேன், எல்லாம் திறந்துச்சு. அந்த பேட்டரி சிஆர்2032, வாட்ச் கடையிலயே கிடைக்கும். சில மாடல்ல அதை மாத்த மொத்த மெஷினையும் கழட்டணும், அங்கே தெரிஞ்ச ஆளைப் பிடிக்கிறது நல்லது.

வைஃபையே தெரியலைன்னா பயப்படாதீங்க. மொபைலை சார்ஜர் கேபிள்ல நெட்புக்கோட இணைச்சு, யுஎஸ்பி டெதரிங் ஆன் பண்ணுங்க. எந்த டிரைவரும் கேட்காம நெட் வந்துடும். அதை வெச்சு வைஃபைக்கு வேணும்ங்கற ஃபர்ம்வேரை இறக்கிக்கலாம். டெபியன் 12-ல இருந்து இந்த ஃபர்ம்வேர் எல்லாம் இன்ஸ்டாலரோடயே வர்றதால இந்தப் பிரச்சினை ரொம்பக் குறைஞ்சுடுச்சு.

அடுத்தது திரை உயரம். நெட்புக் திரை 1024-க்கு 600. இப்போ வர்ற செட்டிங்ஸ் விண்டோ எல்லாம் 600-ஐ விட உயரம். ஓகே பட்டன் திரைக்குக் கீழே எங்கயோ பாதாளத்துல இருக்கும். ஆல்ட் கீயை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு, விண்டோவோட எந்த இடத்துலயாவது மவுஸை வெச்சு மேலே இழுங்க. தலைப்புப் பட்டை திரைக்கு மேலே போய் மறைஞ்சு, அடியில இருக்கிற பட்டன் வெளியில வரும். இது தெரியாம நான் ஒரு வாரம் டேப் கீயை எண்ணி எண்ணி அழுத்திக்கிட்டு இருந்தேன்.

காசு இருந்தா ரெண்டு விஷயம் பண்ணலாம். என்450 வகைக்கு ரேம் 2 ஜிபி வரைதான் போகும். பழைய லேப்டாப் சர்வீஸ் பண்ற கடையில செகண்ட் ஹேண்ட்ல கேளுங்க, டிடிஆர்2-வா டிடிஆர்3-யான்னு பார்த்து வாங்குங்க, மாறினா ஸ்லாட்லயே உட்காராது. ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலா சின்ன எஸ்எஸ்டி போட்டா வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். காசு இல்லைன்னா இசட்ரேம்னு ஒரு வசதியை ஆன் பண்ணுங்க. ரேம் நிறையும்போது டிஸ்க்குக்குத் தள்ளறதுக்குப் பதிலா, ரேமுக்குள்ளயே சுருக்கி மடிச்சு வெச்சுக்கும். துணியை பீரோவுல அமுக்கி வெக்கிற மாதிரி.

இப்போ சி ப்ரோக்ராம்

இதுக்காகத்தானே இவ்வளவும். பில்ட்-எசென்ஷியல்ங்கற பேக்கேஜை இன்ஸ்டால் பண்ணினா ஜிசிசி கம்பைலர் வந்துடும். எழுதறதுக்கு ஜீனி எடிட்டர். விஎஸ் கோடு வேண்டாம், 32-பிட்ல அது வராது, 64-பிட்லயும் ஒரு ஜிபியில மூச்சுத் திணறும்.

நம்மள்ல நிறைய பேர் டர்போ சி-யில பழகினவங்க. ரெக்கார்ட் நோட்ல இருக்கிற ப்ரோக்ராமை அப்படியே அடிச்சா ஜிசிசி முதல் வரியிலயே திட்டும். கோனியோ ஹெடர் இங்கே கிடையாது, அது டாஸ் காலத்துப் பொருள். திரையைத் துடைக்கிற சிஎல்ஆர்எஸ்சிஆர், கடைசியில நிறுத்தி வெக்கிற கெட்சிஎச் ரெண்டையும் எடுத்துடுங்க. டெர்மினல் தானே மூடாது, அதனால நிறுத்தி வெக்க வேண்டிய தேவையே இல்லை. வாய்டு மெயினை இன்ட் மெயின்னு மாத்துங்க, கடைசியில ரிட்டர்ன் ஜீரோ. வர்க்கமூலம் மாதிரி கணித ஃபங்ஷன் பயன்படுத்தினா, கம்பைல் பண்ற வரியோட கடைசியில ஹைஃபன், எல், எம் சேர்க்கணும். இல்லைன்னா அப்படி ஒரு ஃபங்ஷனே தெரியாதுன்னு சொல்லும். கம்பைல் ஆனதும் ஏ.அவுட்னு ஒரு ஃபைல் வரும். அதை ஓட்ட, பேருக்கு முன்னாடி ஒரு புள்ளியும் சாய்கோடும் போடணும். லினக்ஸ் நீங்க நிக்கற ஃபோல்டரைத் தானா தேடாது, "இங்கே இருக்கிறதை ஓட்டு"ன்னு நீங்கதான் சொல்லணும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து ரெண்டும் இங்கே வேற வேற ஃபைல்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் ஃபேக்டோரியல்ல வந்துச்சு. லேப்ல டர்போ சி-யில 8-க்கு ஃபேக்டோரியல் கேட்டா மைனஸ் 25216-னு வரும். லாஜிக் தப்புன்னு நினைச்சு ஒரு பீரியட் முழுக்க லூப்பைத் திருத்தினேன். வீட்டுல அதே கோடை நெட்புக்ல ஓட்டினா 40320, சரியான விடை. காரணம், டர்போ சி-யில இன்ட்டுக்கு ரெண்டு பைட், 32767 வரைதான் தாங்கும். 40320-ல இருந்து 65536-ஐக் கழிச்சுப் பாருங்க, அந்த மைனஸ் நம்பர் வரும். ஜிசிசி-யில நாலு பைட். அதுவும் 12 வரைதான், 13-க்கு ஃபேக்டோரியல் போட்டா இங்கேயும் உளறும். புத்தகத்துல "ரேஞ்ச் ஆஃப் இன்டிஜர்"னு ஒரு அட்டவணையா கிடந்தது, ரெண்டு மெஷின்ல ஓட்டிப் பார்த்தப்போதான் உயிரோட தெரிஞ்சுது. வைவாவுல இதைக் கேட்டாங்க. பதில் சொன்னப்போ எக்ஸாமினர் அடுத்த கேள்வி கேட்கலை.

லேப் எக்ஸாம் டர்போ சி-யிலதான்னா, டாஸ்பாக்ஸ் போட்டு அதையும் நெட்புக்லயே ஓட்டலாம். அதுக்கு இந்தச் சிப்பே அதிகம்.

தமிழ்ல டைப் பண்ண, ஐபஸ் மென்பொருளோட எம்17என் பேக்கேஜை இன்ஸ்டால் பண்ணினா தமிழ்99, ஒலிபெயர்ப்பு ரெண்டுமே வரும். தமிழ்99 1999-ல சென்னையில நடந்த மாநாட்டுக்குப் பிறகு தமிழ்நாடு அரசு ஏற்ற விசைப்பலகை. இடது கைப் பக்கம் உயிர், வலது கைப் பக்கம் மெய். ஒரு வாரம் கை வலிக்கும், அப்புறம் அதை விட்டு வர மனசு வராது. இந்தக் கட்டுரை அப்படி அடிச்சதுதான். லினக்ஸ் பத்தித் தமிழ்லயே படிக்கணும்னா 2012-ல தொடங்கின கணியம் இணைய இதழைப் பாருங்க, அடிப்படையில இருந்து எழுதியிருப்பாங்க.

முடியாததையும் சொல்லிடணும். சிவில், மெக்கானிக்கல் நண்பர்களே, ஆட்டோகேட் லினக்ஸ்ல கிடையாது. 2டி வரைபடத்துக்கு லிப்ரேகேட் ஓடும், ஆனா லேப்ல கேட்கறது அது இல்லை. மேட்லாப் வேண்டாம், ஆக்டேவ்ல பாதி வேலை நடக்கும். யூடியூப் 360-ல நல்லா ஓடும், 720-க்குப் போனா உதடு ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம். பிரவுசர்ல நாலு டேபுக்கு மேல திறக்காதீங்க. ஆன்லைன் மீட்டிங்குக்கு மொபைலையே வெச்சுக்கங்க. "அரசு மறுபடி லேப்டாப் கொடுக்குதே, இதெல்லாம் எதுக்கு?"ன்னு ஒருத்தன் கேட்டான். நியாயம்தான், 2025 பட்ஜெட்ல ரெண்டு வருஷத்துல 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குன்னு அறிவிச்சாங்க. புதுசு கையில இருக்கிறவன் அதுல தைரியமா எதையும் உடைச்சுப் பார்க்க மாட்டான். பழசுல பார்க்கலாம்.

சார்ஜர் விஷயம் ஒண்ணு விட்டுப்போச்சு. நெட்புக் சார்ஜர் நிறைய மாடலுக்கு 19 வோல்ட், 40 வாட்தான். பெரிய லேப்டாப் சார்ஜரோட பின் உள்ளே நுழையுதேன்னு சொருகிடாதீங்க, ஸ்டிக்கர்ல வோல்ட்டைப் பாருங்க. வாட் கம்மிங்கறதால கரண்ட் போனாலும் வீட்டு இன்வெர்ட்டர் ஃபேனோட இதையும் சேர்த்துத் தாங்குது.

என் நெட்புக் இப்போ தம்பிகிட்ட இருக்கு. ப்ளஸ் ஒன் கம்ப்யூட்டர் சயின்ஸ், பைத்தான் பழகறான். வால்பேப்பர்ல அந்த மாலை மாத்தற போட்டோவை வெச்சிருக்கான். என்கிட்ட ஆன்டிஎக்ஸ் 32-பிட், டெபியன் 64-பிட் ரெண்டும் தனித்தனி பென்டிரைவ்ல இருக்கு. வேணும்ங்கறவங்க உங்க குட்டி லேப்டாப்பையும் சார்ஜரையும் எடுத்துக்கிட்டு மதிய இடைவேளையில லைப்ரரிப் படிக்கட்டுக்கு வாங்க. போட்டோ எல்லாம் காப்பி பண்ணிட்டு வாங்க.